மெழுகுப் பிரதி

பதினோரு மாதம் ஒரு வரிகூட எழுதாமல் இருந்தவளிடம் போய், ஏன் எழுதவில்லை என்று கேட்காதீர்கள். அவளுக்கே தெரியாது. தெரிந்திருந்தால் அதையாவது எழுதியிருப்பாள்.

அக்கம்பக்கத்தில் அவளைக் கட்டுரைக்காரி என்பார்கள். நாமும் அப்படியே சொல்லிக்கொள்வோம், அவள் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டாள். எந்த அலுவலகத்திலும் அவளுக்கு நாற்காலி கிடையாது. கம்பெனிகள் தங்கள் ஆட்களுக்காக மாதாமாதம் ஒரு புத்தகம் போடுமே, முதல் பக்கத்தில் மேலதிகாரி சிரித்துக்கொண்டிருப்பார், கடைசிப் பக்கத்தில் குறுக்கெழுத்துப் போட்டி இருக்கும், நடுவில் யாரும் படிக்காத நாலு பக்கம் இருக்கும். அந்த நாலு பக்கத்தை எழுதுகிறவள் அவள். ஓய்வு பெறப்போகிற ஸ்டோர் கீப்பர், ஒரே கவுண்டரில் இருபத்தைந்து வருடம் உட்கார்ந்த அம்மா, இப்படிப்பட்டவர்களைப் போய்ப் பார்த்து, பேசி, ஆளுக்கு எண்ணூறு வார்த்தை. பதினெட்டு வருடமாக அதுதான் பிழைப்பு. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே செய்தாள்.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை டீயைக் குடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஒன்றும் வரவில்லை. சரி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தாள். மறுநாளும் வரவில்லை. வீட்டில் சாவு இல்லை, சண்டை இல்லை, உடம்புக்கும் ஒன்றும் இல்லை. நல்லாத்தானே இருக்கேன், எனக்கு என்ன கேடு என்று தன்னையே திட்டிப் பார்த்தாள். அலமாரிகளைத் துடைத்தாள். பழைய திரைச்சீலைகளைப் பிரித்துத் தலையணை உறை தைத்தாள், எல்லாம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றன. கேட்டவர்களிடம் கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துக்கிறேன் என்றாள். தினமும் ஒன்பது மணிக்கு உட்கார்ந்து பதினோரு மணிக்கு வெறும் திரையை மூடிவிட்டு எழுந்திருப்பதற்குப் பெயர் ரெஸ்டாம். இப்படியே பதினோரு மாதம்.

அவள் வேலை செய்கிற விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும், வினையே அதில்தான் வந்தது. ஒருவரைப் பார்க்கப் போவதற்கு முந்தின நாளே அவரைப் பற்றிய கட்டுரை முழுவதையும் எழுதிவிடுவாள். ஆளைப் பார்த்ததே இல்லையே, எப்படி என்பீர்கள். புளுகுதான். வேலைக்குச் சேர்ந்த வருடம், வீட்டில் யார் யார் என்று கம்பெனி இரண்டு விவரம் கொடுக்கும். மீதியெல்லாம் இவள் கைச்சரக்கு. அப்படி எழுதி முடித்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும் என்பாள். மறுநாள் நேரில் போய் உட்கார்ந்து கேட்டு, ஒவ்வொரு புளுகாக எடுத்துப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் உண்மையை வைப்பாள்.

இது அவள் கணவரிடம் கற்றது. அவர் பல்செட் செய்கிறவர். டாக்டர் அளவெடுத்து அனுப்புவார், இவர் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து முதலில் மெழுகில் பல் வரிசையை அடுக்குவார். அதை வாயில் வைத்துப் பார்த்துச் சரி என்றால், கொதிநீரில் மெழுகை உருக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் கெட்டியான பொருளை வார்ப்பார். மெழுகுப் பல் பார்ப்பதற்கு நிஜம் மாதிரியே இருக்கும், ஆனால் ஒரு வாய் கடிக்க முடியாது. கட்டுரைக்காரி தன் முதல் பிரதிக்கு மெழுகு என்று பெயர் வைப்பாள், இரண்டாவதற்குப் பல் என்று. கம்ப்யூட்டரில் ஆளுக்கு இரண்டு கோப்பு இருக்கும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. அச்சில் வந்த தன் கட்டுரையைப் படிக்கவே மாட்டாள். படித்தால் அடுத்தது வராதாம். இப்போது படிக்காமலே வராமல் போனது, அதற்கு யாரிடம் போய் முறையிடுவது?

இந்த நிலையில்தான் லிஃப்ட் கம்பெனிப் புத்தகத்தின் ஆசிரியர் கூப்பிட்டார். கால் தரிக்காமல் நடந்துகொண்டே பேசுகிற ஆள், எதிராளி வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிடுவார். வருடக் கடைசி இதழ் வருகிறது, போன வருடம் எழுதினீர்களே ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக், அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று ஒரு பக்கம் வேண்டும் என்றார். அந்தக் கட்டுரைக்கு வந்த கடிதங்கள் வேறு எதற்குமே வந்ததில்லையாம். இது நன்றாக வந்தால் அடுத்த வருடம் பூராவும் அந்தப் பக்கம் உங்களுக்குத்தான் என்றார். வைத்துவிட்டார்.

அந்த மெக்கானிக்தான் அவள் கடைசியாக எழுதிய ஆள். திங்கட்கிழமை சாயந்திரம் அனுப்பினாள், செவ்வாய்க்கிழமை காலை வறண்டுவிட்டாள். விட்ட இடத்திலேயே கூப்பிடுகிறார்கள், நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டாள். முந்தின நாள் மெழுகு எழுத உட்கார்ந்தாள். வரவில்லை. பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக வெறுங்கையோடு ஒருவரைப் பார்க்கப் போனாள்.

முப்பத்து நாலு வருடம் ஊரையெல்லாம் மேலே ஏற்றி இறக்கியவருக்கு வாய்த்த வீட்டைப் பாருங்கள், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. மூச்சு வாங்க ஏறிப்போய் நின்றவளுக்கு வாசல் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த காகிதம்தான் முதலில் கண்ணில் பட்டது. சாவி எடு, அடுப்பு பார், என்று கட்டம் கட்டமாகக் கறுப்பு மார்க்கரில். உள்ளே அலமாரிக் கதவுகளில் சட்டை, மருந்து, கரண்டு பில் என்று காகிதத் துண்டுகள். தண்ணீர்க் குழாயில்கூட ஒரு துண்டு. போன தடவை வந்தபோது இதெல்லாம் இல்லை. அது மட்டும் அவளுக்கு நிச்சயம்.

லிஃப்ட்காரர் இளைத்திருந்தார். வந்தவளை உட்கார வைத்துவிட்டு உள்ளே போய் அந்தப் பழைய இதழை எடுத்து வந்தார். கட்டுரையில் மூன்று இடத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தது. அதிகாரி முன்னால் நிற்கிறவர் மாதிரி நின்றுகொண்டே கேட்டார்.

"அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. இதையெல்லாம் நான் உங்ககிட்ட எப்ப சொன்னேன்? காலையிலயா, சாப்பிட்டப்புறமா?"

முதல் கோடு, சின்ன வயதில் உயரம் என்றால் அவருக்கு நடுக்கம் என்ற வரியின் கீழ். இரண்டாவது, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு வயதான அம்மாவோடு மூன்று மணி நேரம் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு, அந்த அம்மா பயப்படாமல் இருக்கப் பாட்டுப் பாடினார் என்பதன் கீழ். எனக்குப் பாட்டே வராதே அம்மா, நான் வாயைத் திறந்தால் அந்த அம்மா கதவை உடைத்துக்கொண்டு ஓடியிருப்பார்களே என்றார். சிரிக்கவில்லை. நிஜமாகவே யோசித்துக்கொண்டு சொன்னார். மூன்றாவது கோடு இரட்டைக் கோடு. மகள் ஏழு வயதில் வரைந்து கொடுத்த லிஃப்ட் படத்தைத் தன் டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் ஒட்டி, ஓய்வு பெறும் நாள் வரைக்கும் தினமும் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார் என்ற இடம்.

கட்டுரைக்காரிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வாக்கியங்கள் அவளுடையவைதான், சந்தேகமே இல்லை. ஆனால் இவர் சொல்லி எழுதினாளா? பதினோரு மாதத்துக்கு அந்தப் பக்கம் இருப்பது எல்லாமே அவளுக்குப் புகைமூட்டமாக இருந்தது. இவர் மறந்துவிட்டாரா, நான் மறந்துவிட்டேனா?

இதெல்லாம் நடக்கவில்லை என்று நீங்கள் அப்போதே கம்பெனிக்குச் சொல்லியிருக்கலாமே என்று மெல்லக் கேட்டுப் பார்த்தாள். அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். லிஃப்ட் வேலையில் ஒரு லாக் புக் உண்டு. எந்தக் கயிறு மாற்றியது, எந்த பிரேக் இறுக்கியது, எல்லாம் தேதி போட்டு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதாதது நடக்காதது. எழுதியிருந்தால் அது நடந்தது, செய்த ஆளுக்கே ஞாபகம் இல்லாவிட்டாலும் நடந்ததுதான். முப்பத்து நாலு வருடம் அப்படி வாழ்ந்த மனுஷன். இவள் எதிரில் உட்கார்ந்து நோட்டில் மூன்று மணி நேரம் எழுதியதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். அது அச்சாகி வந்திருக்கிறது. அப்படியானால் பழுது எங்கே? தன் தலையில்தான்.

இதற்குள் அவர் மனைவி சமையல் அறையிலிருந்து வந்து சேர்ந்துகொண்டார். மனதில் இருப்பதைப் பட்டென்று போட்டு உடைக்கிற அம்மா அவர். டாக்டரிடம் கூட்டிப்போன கதையைச் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னார்களாம், ஐந்து வார்த்தை சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்டார்களாம், எல்லாம் சரியாகத்தான் சொன்னாராம். ஆனாலும் இத்தனை பெரிய விஷயங்கள் ஞாபகம் இல்லை என்கிறாரே, எதற்கும் கவனித்துக்கொண்டே இருப்போம் என்று டாக்டர் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து இவர் வண்டிச் சாவியைக் கீழ் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டார். தனியாக வெளியே போவதில்லை. எங்கே இறங்க வேண்டும் என்று மறந்துவிடுமோ என்று பயம்.

"படத்தைத் தேடறார்மா," என்றார் அந்த அம்மா. "பத்து மாசமா அது ஒண்ணுதான் வேலை. ஞாயித்துக்கிழமை மக வர்றா. ஆறு வருஷத்துக்கப்புறம் வர்றா."

மகள் ஆறு வருடமாக அப்பாவிடம் பேசவில்லை என்பது கட்டுரைக்காரிக்கு மங்கலாக நினைவிருந்தது. வேறு ஊரில் இருக்கிறாள். அம்மா இந்தக் கட்டுரையைப் போனில் படம் எடுத்து அனுப்ப, படித்துவிட்டு, லீவு கிடைத்ததும் வர்றேன், அப்பாகிட்ட சொல்லு என்றாளாம். லீவு கிடைக்கப் பத்து மாதம் ஆயிருக்கிறது.

"இன்னொண்ணு," என்றார் லிஃப்ட்காரர். "நான் உங்ககிட்ட ஒரு விஷயம் சொன்னதா நினைச்சுட்டிருந்தேன். அத மட்டும் மறக்காம எழுதுங்கன்னு கூடச் சொன்ன மாதிரி இருந்துது. அது இதுல இல்ல. அப்ப அதையும் சொல்லலபோல இருக்கு."

அது என்ன என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. வீட்டுக்குப் போய் நோட்டைப் பார்த்துச் சொல்கிறேன் என்று மென்று விழுங்கிவிட்டுப் படி இறங்கினாள். எந்த பஸ்ஸில் ஏறினாள், எங்கே இறங்கினாள் என்று அவளைக் கேட்டால் அவளும் அந்த ஐந்து வார்த்தைப் பரீட்சையில் தேறியிருக்க மாட்டாள்.

நோட்டு அலமாரியின் மேல்தட்டில், அவளே துடைத்து அடுக்கிய இடத்தில் இருந்தது. பதினாலு பக்கம். பாட்டு இல்லை. உயரத்துக்கு நடுக்கம் இல்லை, அதற்கு நேர்மாறாக, ஆறு வயதில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி அடி வாங்கியது இருந்தது. ஒன்பதாம் பக்கத்தில் அவள் கையெழுத்திலேயே இருந்தது, டூல் பாக்ஸ் மூடிக்குள் ஸ்க்ரூ அளவுப் பட்டியல், வேறு ஒன்றும் இல்லை. பன்னிரண்டாம் பக்கத்தில், பெட்டி போட்டு, பக்கத்தில் நட்சத்திரம் போட்டு ஐந்து வரி இருந்தது. அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து, போன வருடம் அந்தத் திங்கட்கிழமை அனுப்பிய மின்னஞ்சலைத் தேடி எடுத்தாள். அதோடு போயிருந்த கோப்பின் பெயர் மெழுகு.

பல் என்ற கோப்பு பக்கத்திலேயே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது, யாரும் அனுப்பாமல், யாரும் படிக்காமல். ஒரு இடம் தள்ளி அமுக்கிய விரல் ஒரு நல்ல மனுஷனைப் பத்து மாதமாகக் கடிகாரம் வரைய வைத்திருக்கிறது.

பின்னறைக்குப் போய்க் கணவரிடம் சொன்னாள். அவர் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார்.

"மெழுகோடவா அனுப்பிட்டே?" என்றார். "அத வாயில வச்சுக்கிட்டு பத்து மாசம் சாப்பிட்டிருக்காரே மனுஷன்."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் செய்தாள். பிறகு அவளைக் குடைந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டாள். நான் வறண்டுபோனது மறுநாள் காலையிலிருந்து. தப்பாக அனுப்பிவிட்டேன் என்று எனக்குள்ளே எங்கேயோ தெரிந்துதான் கை நின்றுவிட்டதா? அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, கைக்கு அவ்வளவு அறிவு இருந்தால் அனுப்பும்போதே நின்றிருக்குமே என்றார். நியாயம்தான். ஆனால் வேறு காரணமும் அவளுக்குத் தெரியவில்லையே. அந்தக் குழப்பம் இன்றுவரை தீரவில்லை, இந்தக் கதை முடிகிறபோதும் தீராது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் ஆசிரியரை நேரில் போய்ப் பார்த்தாள். அவர் அறைக்குள்ளேயே நடந்துகொண்டு கேட்டார். முழுவதையும் கேட்டுவிட்டு முதல் தடவையாக உட்கார்ந்தார். ஒரு ஆள்கூடத் தப்பு என்று சொல்லவில்லையே, அவரே சொல்லவில்லையே, நீங்கள் ஏன் கிளறுகிறீர்கள் என்றார். அந்தக் கட்டுரையைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்களாம். திருத்தம் போட்டால் முதலில் என் தலை உருளும் என்றார். அந்த மெக்கானிக்கிடமும் மூச்சு விட வேண்டாம், அவர் கம்பெனிக்கு ஒரு போன் போட்டால் முடிந்தது. சொல்லத்தான் சொல்வேன் என்றால் அடுத்த வருடப் பக்கத்தை மறந்துவிடுங்கள், என்னையும் மறந்துவிடுங்கள். இதைக் கத்திச் சொல்லவில்லை, கெஞ்சுகிற மாதிரிச் சொன்னார், அதுதான் அவளை இன்னும் குழப்பியது. கெட்ட மனுஷனாக இருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை பூராவும் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். சொன்னால் கைக்கு வந்த வேலை போகும். அது போனால் போகட்டும் என்று ஒரு நிமிடம் நெஞ்சை நிமிர்த்துவாள், அடுத்த நிமிடம் இன்னொரு பதினோரு மாதம் கண்முன்னால் வந்து நிற்கும். அதைவிடப் பெரிய இடி, மகள் வருவது. அந்தப் பெண் எதை நம்பி வருகிறாள்? இல்லாத ஒரு படத்தை. சொன்னால் அவருக்குப் புத்தி திரும்பக் கிடைக்கும், மகள் போய்விடுவாள். சொல்லாவிட்டால் மகள் வருவாள், படத்தைக் கேட்பாள், அவர் தேடுவார், கிடைக்காது, அப்பாவுக்கு எல்லாம் மறந்துபோச்சு என்று அவளும் முடிவு கட்டுவாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுச்சந்து. ஆனால் குழாயில் ஒட்டியிருந்த அந்தத் துண்டுக் காகிதம் கண்ணைவிட்டுப் போகவில்லை. தண்ணீரை மூடு என்று தனக்குத்தானே எழுதி வைத்துக்கொண்டிருக்கிறார், ஒரு நாள்கூடத் திறந்து போட்டுவிட்டுப் போகாத மனுஷன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு மூன்று மாடியும் ஏறினாள். நோட்டு, இரண்டு பிரதி, எல்லாவற்றையும் மேஜைமேல் வைத்தாள். சுற்றி வளைக்கவில்லை. நான் வருவதற்கு முந்தின நாளே உங்களைப் பற்றிப் புளுகாக ஒன்று எழுதினேன், நீங்கள் சொன்னதைக் கேட்டு நிஜமாக ஒன்று எழுதினேன், புளுகை அனுப்பிவிட்டேன். பாட்டு நான் போட்டது, நடுக்கம் நான் போட்டது, படமும் நான் போட்டதுதான். அவ்வளவையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

லிஃப்ட்காரர் நோட்டை எடுத்தார். லாக் புக் பார்க்கிற பழக்கம், முதலில் தேதியைப் பார்த்தார். பிறகு ஒன்பதாம் பக்கம். பிறகு பன்னிரண்டு. அதில் ரொம்ப நேரம் நின்றார்.

"அப்ப என் புத்தி நல்லாத்தான் இருக்கா?" என்று கேட்டார்.

நல்லாத்தான் இருக்கு சார் என்றாள். அவர் எழுந்து போய்க் குழாயில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவர் மனைவிக்குத்தான் கோபம் வந்தது. வராதா பின்னே? பத்து மாசமா இந்த மனுஷன் தூங்கினாரா இல்லையான்னு எழுந்து எழுந்து பார்த்துட்டிருந்தேனே, நீ வீட்ல உக்காந்து ரெஸ்ட் எடுத்துட்டிருந்தியா என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டார். கட்டுரைக்காரி எல்லாம் வாங்கிக்கொண்டாள். திட்டி முடித்த பிறகு அந்த அம்மாவுக்கு மகள் ஞாபகம் வந்தது. முகம் மாறிப்போயிற்று. குரலைத் தாழ்த்தி, ஏங்க, நாமளே ஒரு படம் வரைஞ்சு மூடியில ஒட்டிடலாமா, கொஞ்சம் டீத்தண்ணியில நனைச்சுக் காயவச்சா பழசு மாதிரி ஆயிடும் என்றார். ஒரு நிமிடம் மூன்று பேரும் அந்த டூல் பாக்ஸைப் பார்த்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கட்டுரைக்காரிக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது. எப்படி வரைந்தால் ஏழு வயதுக் கை மாதிரி இருக்கும் என்றுகூட அவள் மனது போய்விட்டது.

லிஃப்ட்காரர் போனை எடுத்தார். மகளைக் கூப்பிட்டு, எல்லாரும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார். அந்தப் பக்கம் துணி மடிக்கிற சத்தமோ, பெட்டி மூடுகிற சத்தமோ கேட்டது. அவர் லாக் புக் படிக்கிற குரலில் நடந்ததைச் சொன்னார். கட்டுரை எழுதின அம்மா இங்கதான் இருக்காங்க, தப்பு அவங்களது, அந்தப் படம் நிஜமில்லையாம் என்றார்.

அந்தப் பக்கம் சத்தம் நின்றது.

"எனக்குத் தெரியும்பா," என்றாள் மகள். "நான் அப்படி ஒரு படம் வரையவே இல்ல. எனக்கு வரையவே வராது. படிச்சப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா வர்றேன்னே?"

"எனக்காக நீங்க ஒரு பொய் சொல்லியிருக்கீங்கன்னு நினைச்சேன். உங்களுக்குப் பொய்யே வராதே. அப்படிப்பட்டவர் ஒரு பொய் சொல்லி என்னைக் கூப்பிடறார்னு நினைச்சுத்தான் வர்றேன்னேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "அதுவும் நீங்க சொன்னது இல்லையா?"

கட்டுரைக்காரி எல்லாப் பக்கமும் யோசித்திருந்தாள், இந்தப் பக்கத்தை யோசிக்கவே இல்லை. அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"நான் சொல்லல," என்றார் லிஃப்ட்காரர். நோட்டை முன்னால் இழுத்து, பன்னிரண்டாம் பக்கத்தில் விரலை வைத்தார். "நான் சொன்னது வேற. அது அச்சுல வரல. இப்பப் படிக்கிறேன், கேளு. மக கல்யாண போட்டோல நான் இல்ல. அன்னிக்கு ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்னுபோச்சு. வேற ஆளை அனுப்பியிருக்கலாம். மூணு பேர் சும்மாதான் இருந்தாங்க. நான்தான் போவேன்னு போனேன். என்னை விட்டா ஆள் இல்லைன்னு காட்டறதுக்குப் போனேன். இத மட்டும் மறக்காம எழுதுங்க, அவ படிப்பா."

படித்து முடித்துவிட்டு, கையெழுத்துப் போடுகிற இடத்தைத் தேடுகிறவர் மாதிரி அந்தப் பக்கத்தின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் போனை வைத்துவிட்டாளோ என்று அந்த அம்மா குனிந்து பார்த்தார். வைக்கவில்லை.

"அப்ப பத்து மாசமா எதைத் தேடினீங்க?" என்று கேட்டாள் மகள். "அம்மா சொன்னா, தேடறார் தேடறார்னு."

"அந்தப் படத்தைத்தான்."

"இல்லாத படத்தையா? எங்க தேடினீங்க?"

அவர் வரிசையாகச் சொன்னார். டூல் பாக்ஸை ஒவ்வொரு தட்டாகக் கழற்றினேன். பழைய யூனிஃபார்ம் பையெல்லாம் பார்த்தேன். கட்டில் அடியில் இருக்கிற இரண்டு பெட்டி. கம்பெனி ஸ்டோருக்குப் போய்ப் பழைய லாக் புக் நாற்பது புரட்டினேன், ஏதாவது ஒன்றுக்குள் சொருகியிருக்குமோ என்று. பழைய வீட்டுக்காரரைப் போய்க் கேட்டேன், அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டார். உன் ஸ்கூல் பைக்குள் பார்த்தேன்.

"எந்தப் பை? பச்சையா?"

"பச்சைதான். ஒரு வார் அறுந்துது."

"அதையா வச்சிருக்கீங்க?"

அம்மா வைத்திருந்தாள் என்றார். எனக்குத் தெரியாது, படத்தைத் தேடும்போதுதான் பார்த்தேன் என்றார். நான்தான் வைத்திருந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், மகள் நம்பியிருப்பாள். அந்த மனுஷனுக்கு வரவில்லை.

"வெளியில எடுத்து வைங்க," என்றாள் மகள். "நாளைக்குப் பத்து மணி பஸ்ஸுக்கு வர்றேன். ஸ்டாண்டுக்கு வாங்க. லேட்டா வராதீங்க."

போன் அணைந்தது. லிஃப்ட்காரர் மனைவியைப் பார்த்து, கீழ் வீட்டுக்காரர்கிட்ட வண்டிச் சாவியை வாங்கி வைக்கணும் என்றார். அந்த அம்மா எழுந்து உள்ளே போனார். பரணில் எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது.

கட்டுரைக்காரி கிளம்புவதா, உட்காருவதா என்று தெரியாமல் நாற்காலி நுனியில் இருந்தாள். நல்லது செய்தோமா, இருந்ததையும் கெடுத்தோமா, அவளுக்கு விளங்கவில்லை. நாளைக்கு வருகிற பெண் எத்தனை நாள் இருப்பாள், திங்கட்கிழமை ஆசிரியரிடம் என்ன சொல்வது, எதுவும் விளங்கவில்லை. லிஃப்ட்காரர் நோட்டை அவள் பக்கம் திருப்பி, காலியாக இருந்த பதினைந்தாம் பக்கத்தை எடுத்து, பேனாவை அதன்மேல் வைத்தார்.

"இப்ப நடந்ததை எழுதிடுங்கம்மா," என்றார். "தேதி போட்டு எழுதுங்க. படிச்சுப் பார்த்துட்டு நான் கையெழுத்துப் போடறேன்."

அவள் பேனாவை எடுத்தாள். அச்சில் வருமா வராதா என்று கேட்கத் தோன்றவில்லை. தேதியைப் போட்டாள், பத்து மணிக்கு மூன்று மாடி ஏறினேன் என்று எழுதினாள். அடுத்த வரிக்கு என்ன வரும் என்று அவளுக்குத் தெரியவில்லை, அவரிடம் கேட்டுக் கேட்டு எழுதினாள்.